கூடத்துச் சுவரில் மூன்று வரிகள்

‘மரமல்லாத எதுவும் மரம்போல் நடிக்கலாகாது’ என்று நாற்காலி வடிவமைப்பாளர் தம் வீட்டுக் கூடத்துச் சுவரில் எழுதிவிட்டுக் குளிக்கப் போன நேரத்தில், அவ்வீட்டின் சாப்பாட்டு மேஜை நடந்து வாசலைக் கடந்து, எதிர்ப்புறத் தையற்கடையின் முன்னால் போய் நின்றது. பார்ப்பதற்குத் தேக்கு, உள்ளே அத்தனையும் மரத்தூளை அழுத்திச் செய்த பலகை. அன்று மழை இல்லை. தையற்காரர் இரண்டு காற்சட்டைகளுக்கு விளிம்பு மடித்து முடித்திருந்தார்.

மரச்சாமான் செய்வோர் சங்கம் நடத்தவிருந்த கண்காட்சியில் ஒவ்வொரு வடிவமைப்பாளரும் தம் கொள்கையைத் தம் கைப்பட எழுதித் தரவேண்டுமென்று கேட்டிருந்தார்கள். பிறர் அதைக் காகிதத்தில் எழுதினார்கள். இவருக்கோ எதையும் முழு அளவில் சுவரில் வரைந்து பார்த்த பிறகே செய்யும் பழக்கம். சுவரில் நிற்காத நாற்காலி தரையிலும் நிற்காது என்பார். நாற்காலிக்குப் பொருந்தியது கொள்கைக்கும் பொருந்தும் என்று எண்ணித் தச்சுப் பென்சிலை எடுத்ததுதான் அவர் செய்த பிழை.

குளித்து வந்தவருக்கு மேஜை நடந்தது என்ற எண்ணமே எழவில்லை. மனைவியின் தம்பிமீதுதான் ஐயம் பாய்ந்தது. பின்னறையில் குடியிருந்து, பட்டறையில் பாலிஷ் போட்டுவந்த அந்த மைத்துனர், தனிக்கடை வைக்கும் ஆசையை ஒருமுறை வாய்தவறிச் சொல்லியிருந்தார். மேஜையைப் பற்றி ஜாடையாகக் கேட்டபோது அவர் வாயிலிருந்த கவளத்தை விழுங்கிவிட்டு, “மாமா, அதைத் தூக்க நாலு ஆள் வேணும். எனக்கு இருக்கிறது ரெண்டு கை, அதுலயும் ஒண்ணு சுளுக்கு” என்றார். மேஜை தானாகத்தான் வந்தது என்று தையற்காரர் சாட்சி சொன்னார். அவருக்கும் பங்கு போயிருக்கிறது என்று வடிவமைப்பாளர் மனத்துக்குள் முடிவுகட்டினார்.

அடுத்த வாரம் ‘வேலை செய்யாத எதையும் அழகு என்று சொல்லலாகாது’ என்று இரண்டாம் வரியை எழுதினார். நின்றுபோன கடிகாரமும், ஒருநாளும் பூ வைத்திராத பூச்சாடியும், மனைவியின் காலஞ்சென்ற தந்தை விட்டுப்போன ஊமை ரேடியோவும் தையற்கடை முன் நின்ற அந்த மேஜையின்மேல் போய் வரிசையாக அமர்ந்தன. மனைவி மருந்துக் கடையில் பணிபுரிபவர், அதிகம் பேசாதவர். ரேடியோவை மட்டும் எடுத்துவந்து அலமாரியில் வைத்தார். அது மறுபடி போயிற்று. மறுபடி எடுத்துவந்தார்; மறுபடியும் போயிற்று. அதற்குப் பிறகு கணவரிடம் அவர் பேச்சைக் குறைத்துக்கொண்டார். குற்றமுள்ள நெஞ்சு, அதனால்தான் பேச்சு குறைகிறது என்று கணவர் கணக்குப்போட்டார். அக்காளும் தம்பியும் சமையலறையில் பேசிச் சிரித்தால் இவர் கூடத்தில் பென்சில் சீவுவதை நிறுத்திக் காதைத் தீட்டுவார். அவர்கள் பேசாமலிருந்தால் அது இன்னும் மோசம் என்று நினைப்பார்.

ரேடியோ தானாக நடந்துபோவதை ஒருநாள் கண்ணாலேயே பார்த்தும் அவர் ஐயம் தீரவில்லை; மூன்றாம் வரியை அவர் கண்காட்சிக்காக எழுதவில்லை, பொறியாகவே வைத்தார். இருவரும் காலைச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்த சமயம், ‘ஒளித்துவைக்கும் எதுவும் இங்கே நிற்கலாகாது’ என்று எழுதிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு மைத்துனரின் கால்களையே பார்த்திருந்தார். முதலில் திரைச்சீலைகள் கிளம்பின. பிறகு அலமாரிக் கதவுகள், பாத்திர மூடிகள், அடியில் பெட்டிவைத்த கட்டில், கடைசியாக வாசற்கதவு. மைத்துனர் நகரவில்லை; இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றிக்கொண்டார். மனைவியும் நகரவில்லை. வடிவமைப்பாளரின் கால்கள்தாம் நடந்தன. கட்டிலுக்குப் பின்னால் போய்த் தெருவில் நின்றார்.

திரும்பி உள்ளே போகப் பார்த்தார். நிலைப்படியருகே பாதங்கள் தாமாகத் திரும்பிக்கொண்டன. மனைவி கதவற்ற வாசலுக்கு வந்தார்.

“உள்ள வாங்க. சாப்பாடு ஆறுது.”

“வர முடியல.”

“என்னத்த ஒளிச்சு வச்சிருக்கீங்க?”

“ஒண்ணுமில்ல” என்றார். கால்கள் அவரைப் பக்கத்து வீட்டுவரை பின்னுக்கு நடத்தின. “சத்தியமா ஒண்ணுமில்லம்மா” என்று குரலை உயர்த்தினார். சலவைக்கடைக்கு முன் போய்ச் சேர்ந்தார். தையற்காரர் தம் கடையை அடைத்துநின்ற கதவுகளை ஒதுக்கிக்கொண்டு எட்டிப்பார்த்து, “இன்னும் ரெண்டு தடவ ஒண்ணுமில்லன்னு சொன்னா பஸ் ஸ்டாண்டுக்கே போயிடலாம், பார்த்துச் சொல்லுங்க” என்று யோசனை கூறினார்.

இல்லை என்று சொன்னால் வீடு விலகும்; உண்டு என்று சொன்னால் வீட்டுக்காரி விலகுவாள் என்று வடிவமைப்பாளர் அஞ்சினார். கடைசியில் தெருவே கேட்கும்படி சொன்னார்.

“நீயும் உன் தம்பியும் சாமானையெல்லாம் ஒவ்வொண்ணா வித்துட்டு என்னை விட்டுப் போயிடுவீங்கன்னு நெனச்சேன்.”

“மேஜை போனதுலேர்ந்தா?”

“கல்யாணம் ஆனதுலேர்ந்து.”

அவர் கால்கள் லேசாயின. மனைவி வாசலை விட்டு நகரவில்லை. பிறகு ஒருக்களித்து வழிவிட்டு, “இத்தன வருஷமா இந்த நெனப்போடதான் பக்கத்துல படுத்தீங்களா?” என்றார். “ஆமா” என்று சொல்லிவிட்டே இவர் நிலைப்படியைத் தாண்டினார். சொல்லாமலிருந்தால் கால்கள் தாண்டவிட்டிருக்கமாட்டா.

மூன்று வரிகளையும் அழித்துவிடுவதாக அவர் சொன்னபோது மனைவி முதலிரண்டை மட்டும் தாமே ஈரத்துணியால் துடைத்தார். மேஜையும் ரேடியோவும் மதியத்துக்குள் திரும்பின. மூன்றாம் வரி சுவரிலேயே நின்றது; அதன் நகலே அவருடைய கொள்கையாகக் கண்காட்சிக்குப் போயிற்று. அதைப் படித்த சங்கத் தலைவர் பாதி உரையில் மேடையிறங்கி வெளியே போய் வாகன நிறுத்தத்தில் நின்றார். உரையைச் செயலாளர் முடித்துவைத்தார். மைத்துனர் அடுத்த ஆண்டு தனிக்கடை வைத்தார், மாமாவின் சம்மதத்தோடு. கதவில்லாத வீட்டுக்குத் திருடர் வரவில்லை. வந்தாலும் உள்ளே நிற்க முடியாது என்பது ஊருக்குத் தெரிந்திருந்தது. வடிவமைப்பாளர் வேலை முடிந்து வரும்போது அன்றைய ஐயங்களை வாசலில் நின்று சொல்லிவிட்டு நுழைவார். ஆண்டுகள் போகப்போக அவர் வாசலில் நிற்கும் நேரம் குறைந்தது.

தலை நரைத்த காலத்தில் ஒருநாள் மாலை, சமைத்துக்கொண்டிருந்த மனைவி அடுப்பை அணைத்துவிட்டு எழுந்து நடந்து, சலவைக்கடை முன்னால் போய் நின்றார். கணவர் வாசல்வரை வந்து பார்த்தார். மனைவியின் முகம் கடைச் சுவர்ப்பக்கம் திரும்பியிருந்தது. வடிவமைப்பாளர் உள்ளே போய் இரண்டு தட்டுகளில் சாப்பாடு எடுத்துக்கொண்டு தெருவுக்கு வந்தார். ஒன்றை அவர் கையில் கொடுத்துவிட்டு, என்ன ஒளித்துவைத்திருக்கிறாய் என்று கேட்காமல், பக்கத்தில் நின்று சாப்பிடத் தொடங்கினார். சலவைக்கடைக்காரர் அவர்களுக்காக வெளிவிளக்கைப் போட்டார்.