அண்ணன் வாங்கித் தந்த டயர்

இந்துஜாவுக்கு ஒரு சந்தேகம் வந்துவிட்டால் போதும், அதற்குச் சோறு ஊட்டி, தலை சீவி, பெரிய ஆளாக்கிவிட்டுத்தான் ஓய்வாள்.

தோவாளை பஸ் நிறுத்தத்துக்கு எதிரே அவளுக்குப் பூக்கடை. கை நீளமான பொம்பளை என்பதால் அவளிடம் முழம் போட்டு வாங்க எப்போதும் கூட்டம் நிற்கும். பக்கத்துக் கடை அபிதாவுக்குக் கை குட்டை. ஒரே பூப்பந்தை இந்துஜா அளந்தால் பத்து முழம்தான் வரும், அபிதா அளந்தால் பன்னிரண்டு வந்துவிடும். இந்துஜாவின் புருஷன் சஜின் தினமும் சந்தையில் பூ ஏற்றிக்கொண்டு, சொந்தப் பிக்கப் வண்டியில் திருவனந்தபுரம் போய் வருகிறான்.

விடியற்காலை வண்டி கிளம்புமுன் கண்ணாடியில் பிச்சிப்பூச் சரம் தொங்கவிடுவது அவள் வேலை. அப்படியே பொத்தானை அமுக்கி, அன்றைய ஓட்டத்தைக் காட்டும் மீட்டரைச் சைபரில் நிறுத்துவாள். சைபரில் தொடங்கினால் வண்டி முழுசாகத் திரும்பி வரும் என்று ஒரு நம்பிக்கை. திரும்பி வந்ததும் மீட்டரை ஒரு பார்வை பார்ப்பாள். போய்வர எப்போதும் நூற்றைம்பது கிலோமீட்டரைத் தாண்டியே நிற்கும்.

துபாயிலிருந்து லீவில் வந்த அவள் அண்ணன் வினோஜ்தான் வண்டிக்குப் பெரிய டயர் போட்டுத் தந்தான். "மச்சானுக்க வண்டி பொட்டிக்கடை மாதிரில்லா நிக்குது. அங்கெல்லாம் பிக்கப்புன்னா ஆள் உயரத்துக்கு நிக்கும்" என்று சொல்லி, கோட்டாறு மைதீன் கனியின் டயர் கடையில் பெரிய சக்கரமும் அகல டயருமாக நாலையும் மாற்றினான். வண்டி ஒரு சாண் உயர்ந்ததுபோல் இருந்தது. இந்துஜாவும் ஒரு சாண் உயர்ந்தாள். யார் கடைக்கு வந்தாலும், பூவைக் கொடுக்கிறாளோ இல்லையோ, வண்டியைக் காட்டி, "எங்கண்ணன் போட்டுத் தந்தது" என்று சொல்லாமல் விடமாட்டாள்.

டயர் மாட்டிய அன்று கடையில் ஒன்று நடந்தது. மைதீன் கனி சஜினைத் தனியே இழுத்து ஏதோ சொன்னார். சஜின் திரும்பி இந்துஜாவைப் பார்த்துவிட்டு, பேசாதீர்கள் என்று அவருக்குக் கண்ணைக் காட்டினான். இரண்டு பேரும் சிரித்தார்கள். அன்று அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அண்ணன் இருந்த கலகலப்பில் மீட்டரைப் பார்க்க மறந்திருந்தாள். அவன் விமானம் ஏறிய பிறகுதான் அது கண்ணில் பட்டது. நூற்று நாற்பத்துச் சொச்சம். மறுநாளும் அதே. ரோடு சுருங்கிவிட்டதா என்ன? தூரம் குறைந்தால் டீசலாவது மிஞ்ச வேண்டும். அதுவோ முன்னைவிட வேகமாகத் தீர்ந்தது.

மீட்டர் வயரைக் கழற்றிவிட்டு வண்டியைச் சொந்த வேலைக்கு ஓட்டும் டிரைவர்களின் கதைகளைச் சந்தையில் நிறையக் கேட்டிருக்கிறாள். பாதி வழியில் வயரைக் கழற்ற வேண்டியது, எங்கெங்கோ சுற்ற வேண்டியது, அப்புறம் மாட்டிக்கொண்டு நல்ல பிள்ளையாக வீட்டுக்கு வர வேண்டியது. மீட்டர் குறையும், டீசல் கூடும். அப்படியே பொருந்தியது.

சுற்றுவது எங்கே என்பதற்கும் அவளிடம் பதில் இருந்தது. மார்த்தாண்டத்தில் ஷைஜா என்று ஒருத்தி தையல்கடை வைத்திருக்கிறாள். சஜினுக்கு முதலில் பெண் பார்த்தது அவளைத்தான். ஜாதகம் ஒத்துவராமல் விட்டுப்போனது. ஜாதகம்தானே ஒத்துவரவில்லை, மனசு ஒத்துப்போயிருந்தால்? டயர் கடைச் சிரிப்புக்கும் இப்போது அர்த்தம் கிடைத்தது. மைதீன் கனிக்குத் தெரிந்திருக்கிறது. ஊருக்கே தெரிந்திருக்கும். தெரியாமல் இருந்த ஒரே மடச்சி தான்தான்.

சட்டையை மோந்து பார்த்தாள். பிச்சிப்பூ வாசம்தான் அடித்தது, பூ வண்டிக்காரன் சட்டையில் வேறென்ன அடிக்கும்! போனைப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லாததுதான் அவளுக்குப் பெரிய சந்தேகமாக இருந்தது.

ஒரு ராத்திரி அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கேட்டே விட்டாள்.

"எவ அவ?"

சஜினுக்கு முதலில் புரியவில்லை. "எவள கேக்க?"

"டெய்லி எவ வாசல்ல வண்டிய கொண்டு நிறுத்துகியளோ, அவளத்தான். மீட்டர் கொறையுது, டீசல் கூடுது. வயரக் கழத்தி வச்சிட்டு மார்த்தாண்டத்துல என்ன ஜோலி? எனக்குக் கண்ணு இல்லன்னு நெனச்சியளா?"

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். பாதிச் சோற்றில் கையை உதறி எழுந்து, "நாளைக்கு நீயும் வண்டில ஏறு" என்று மட்டும் சொன்னான்.

மறுநாள் கடையை அபிதாவிடம் ஒப்படைத்துவிட்டு ஏறினாள். மீட்டரைச் சைபரில் நிறுத்தி, கண்ணை அதிலிருந்து எடுக்காமல் உட்கார்ந்தாள். நாகர்கோவில் போயிற்று, தக்கலை போயிற்று. சிக்னலில் நின்று கிளம்பும்போதெல்லாம் வண்டி முக்கி முனகியது. மார்த்தாண்டம் மேம்பாலம் வந்ததும் அவன் முகத்தைக் கூர்ந்து பார்த்தாள். அவன் கொட்டாவி விட்டான். ஒரு மனுஷன் சரியாக மார்த்தாண்டத்தில் வந்து ஏன் கொட்டாவி விடவேண்டும் என்று யோசித்தாள்.

வண்டி எங்கும் திரும்பவில்லை, எங்கும் நிற்கவில்லை. திருவனந்தபுரம் பூச்சந்தைக்குள் நுழைந்தபோது மீட்டர் எழுபத்திரண்டில் நின்றது. முன்பெல்லாம் எழுபத்தெட்டு காட்டிய வழி. தான் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க எப்படிக் கழற்றினான் என்றுதான் முதலில் தோன்றியது. வயர் இருக்கும் பக்கம் அவன் கையே போகவில்லை என்பது அப்புறம்தான் உறைத்தது.

சஜின் கூடைகளை இறக்கினான். அவள் தன் கையால் அளந்து கட்டிய பத்து முழப் பந்தைச் சில்லறைக்காரி ஒருத்தி வாங்கி, அங்கேயே முழம் போட்டாள். குள்ளமான பெண். பத்து, பதினொன்று, பன்னிரண்டு என்று எண்ணி, கூடுதல் கிடைத்த சந்தோஷத்தில் கூடையில் போட்டுக்கொண்டு நடந்தாள். இவள் கையும் அபிதா கை மாதிரிதான் என்று நினைத்த இந்துஜா அப்படியே நின்றுவிட்டாள்.

பூ அதே பூ. கைதான் வேறு. கை நீளமானால் முழம் குறையும்.

திரும்பி வண்டியைப் பார்த்தாள். மீட்டர் ரோட்டையா பார்க்கிறது? சக்கரம் எத்தனை சுற்று சுற்றியது என்று எண்ணுகிறது, அவ்வளவுதான். சக்கரம் பெரிதானால் ஒரு சுற்றில் கூடுதல் தூரம் ஓடிவிடும், சுற்று குறையும், மீட்டர் குறைத்துக் காட்டும். அந்தக் கனத்த சக்கரங்களை உருட்ட வண்டி முனகியதையும் வழியெல்லாம் கேட்டிருந்தாள். டீசலை வேறு யார் குடிப்பார்கள்?

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. ஓடிப்போய் அவன் கையைப் பிடித்தாள்.

"டயருதாங்க! எல்லாம் இந்த டயரு பண்ணுன வேல!"

சஜின் தார்ப்பாய்க் கயிற்றை முடிச்சுப் போட்டுக்கொண்டே, "ஆமா, டயருதான்" என்றான்.

"ஒங்களுக்கு முன்னமே தெரியுமா?"

"மாட்டுன அண்ணைக்கே மைதீன் பாய் சொல்லிட்டாரு. டீசல் கூடக் குடிக்கும், மீட்டரு கொறச்சுக் காட்டும்னு. நாந்தான் ஒனக்க முன்னால சொல்லாதீங்கன்னு கண்ணக் காட்டுனேன். அண்ணன் ஆசையா வாங்கித் தந்தது. நீ ஊரெல்லாம் சொல்லிட்டு நடந்த. அதுல போய்க் கொற சொல்லவா?"

"நான் கேட்டப்பமாவது சொல்லியிருக்கலாம்லா?"

அவன் முடிச்சை இறுக்கிவிட்டு நிமிர்ந்தான்.

"நீ டயரப் பத்தியாடி கேட்ட? 'எவ அவ'ன்னுல்லா கேட்ட."

திரும்பி வரும்போது மார்த்தாண்டம் பாலத்துக்கு முன்னால் அவன் வண்டியை மெதுவாக்கி, "கீழ ரோட்டுல தையல்கடை வழியா போவட்டா? அவகிட்டயும் ஒரு வார்த்த கேட்டுக்கோ" என்றான். அவள் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். வெட்கத்தில் முகத்தைச் சேலைத்தலைப்பால் துடைத்துக்கொண்டு, வீடு வரும்வரை வெளியே பார்த்தபடி இருந்தாள்.

மறுநாள் விடியற்காலை வழக்கம்போல் பிச்சிப்பூச் சரத்தைத் தொங்கவிட்டாள். மீட்டரைத் தொடாமல் இறங்கப் போனாள்.

"நில்லு" என்றான் சஜின். கையை நீட்டி, தானே பொத்தானை அமுக்கிச் சைபரில் நிறுத்தினான்.

"சாயங்காலம் நீ வந்து பாக்கணும்லா" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தான்.