கீறாத ஸ்பீக்கர்

தட்டு கீழே விழுந்தால் பல்செட் செய்பவரின் மனைவிக்குக் கையில் கீறல் விழும். குக்கர் விசில் அடித்தால் ரத்தமே வரும். ஒரு காய்ச்சலுக்குப் பிறகு இப்படி ஆகி வருடங்கள் ஓடிவிட்டன. டாக்டர் பார்த்துவிட்டு, சிலருக்கு இப்படி ஆவதுண்டு என்று களிம்பு எழுதிக் கொடுத்தார். புருஷன் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிற ஆள் இல்லை. சத்தம் போடக்கூடிய எல்லாவற்றையும் வீட்டைவிட்டு அனுப்பினார். இரும்பு பீரோ போயிற்று, கிறீச்சிடும் சோபா போயிற்று, வளையம் கம்பியில் உரசுகிறதென்று திரைச்சீலையும் போயிற்று. வெறும் தரையும் சுவரும்தான் மிச்சம். அவளோ பாட்டுப் போடாமல் காய்கூட நறுக்கியறியாதவள். ரேடியோ முதல் வரியிலேயே கழுத்தில் கோடு போட்டதிலிருந்து அதையும் மூடி வைத்தாயிற்று. "பாட்டே கேக்காம போய்ச் சேந்துடுவேனோ என்னவோ," என்று ஒருநாள் துணி மடித்தபடி சொன்னாள். அது அவர் மனசைப் பிசைந்தது.

மறுநாளே ஸ்பீக்கர் கடைகளுக்கு நடையாய் நடக்க ஆரம்பித்தார். கையில் இருந்தது நடுத்தரமான தொகை. போன இடமெல்லாம் துல்லியத்தைத்தான் விற்றார்கள். பாடுபவர் மூச்சு இழுப்பதுகூடக் கேட்கும் என்றார்கள். அத்தனை கூர்மை அவளைக் கீறிவிடுமே என்று அவர் அடுத்த ஜோடிக்கு நகர்ந்தார். பல்செட்டில் சொரசொரப்பு இருந்தால் விரல் ஏமாந்தாலும் நாக்கு கண்டுபிடித்துவிடும் என்பது அவர் தொழிலில் கற்றது. ஆகவே பாட்டு ஓடும்போதே குனிந்து, ஸ்பீக்கர் துணியில் நாக்கு நுனியை வைத்துப் பார்த்தார். பளபளவென்று நின்ற ஜோடிகளில் உச்ச ஸ்வரம் முள்ளாகக் குத்தியது. ஒரு கடையின் மூலையில், அவர் பணத்துக்குள் அடங்குகிற மரப்பெட்டி ஜோடி ஒன்று யாரும் சீந்தாமல் கிடந்தது. அதில் வயலின் வெண்ணெயாக வழுக்கிக்கொண்டு போயிற்று. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றியிருந்த கடைக்காரர் துணியைத் துடைத்துவிட்டு, "வீட்ல வச்சுக் கேளுங்க சார். ஒத்துவரலன்னா திருப்பிக் கொண்டாங்க," என்றார்.

ஹாலில் வைத்துப் போட்டதுதான் தாமதம், பாட்டு சுவரில் மோதித் திரும்பி வந்து அவள் கன்னத்தைக் கீறிவிட்டது. அவர் இடிந்துபோய்க் கடைக்காரருக்குப் போன் செய்தார். ஹாலில் என்னென்ன இருக்கிறது என்று கடைக்காரர் கேட்டார்.

"ஒண்ணுமே இல்லீங்க. எல்லாத்தையும் அனுப்பிட்டேன்."

"அதான் விஷயம் சார். பாட்டு உக்கார எடம் வேணாமா?"

கன்னத்தில் பஞ்சை அழுத்தியபடி கேட்டுக்கொண்டிருந்த மனைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "என் மேல இருக்குற கரிசனத்துல வீட்டையே மொட்டையடிச்சுட்டீங்க," என்றாள்.

கடைக்காரர் அதோடு விட்டிருக்கலாம். சொந்தமா, பந்தமா. ஆனால் கடையைப் பூட்டிவிட்டு, தன் வீட்டு ஜமக்காளத்தையும் மெத்தையையும் கனமான திரைச்சீலைகளையும் வேனில் போட்டுக்கொண்டு வந்து இறங்கினார். அந்த மனிதர் நன்றாக இருக்க வேண்டும். திரையை வளையமில்லாமல் கயிற்றில் கட்டினார். ஸ்பீக்கரைச் சுவரைவிட்டுத் தள்ளி, அவள் உட்காரும் இடத்தைப் பார்க்கத் திருப்பி வைத்தார். மறுபடி போடப் புருஷனுக்குக் கை வரவில்லை. "போடுங்க, விழுந்தா விழட்டும்," என்றாள் அவள்.

குரல் நிதானமாக வெளியே வந்தது. ஜமக்காளத்தில் சற்று உட்கார்ந்தது, மெத்தையில் ஏறியது, பிறகு அவள் முழங்கையில் வந்து சாய்ந்துகொண்டது. மூன்று பேரும் அந்தக் கையையே பார்த்தார்கள். ஒரு கீறல் இல்லை.

"என்னங்க, சத்தத்தைக் கொஞ்சம் கூட்டுங்களேன்," என்றாள்.

அழுகையில் அவருக்குக் குமிழ் எது என்றே தெரியவில்லை, கடைக்காரர்தான் கூட்டினார். இப்போது பாட்டு தெருமுனை வரை கேட்கிறது. அக்கம்பக்கத்தில் யாரும் குறை சொல்வதில்லை. அந்த வீட்டம்மா பாட்டுக் கேட்கிறாள் என்று பாத்திரங்களை மெதுவாக வைத்துவிட்டு, ஜன்னலை இன்னும் கொஞ்சம் திறந்துகொள்கிறார்கள்.