நம்ம ஆளு இல்ல

ஒன்பது வருடங்களாக ஆல்வின் மதியச் சாப்பாட்டைத் தன் காரில் உட்கார்ந்துதான் சாப்பிட்டு வந்தார். இங்கிலாந்தின் டெர்பி நகரில் அவர் வேலை பார்த்த காப்பீட்டு நிறுவனத்தின் மூன்றாவது மாடியில் நல்ல கேன்டீன் இருந்தது. ஊழியர்களுக்குப் பாதி விலை. ஆல்வின் ஊழியர் இல்லை. தன் பேரில் ஓர் ஒற்றையாள் கம்பெனி வைத்துக்கொண்டு, அங்கே பழைய கணினி நிரல்களைப் பழுதுபார்க்கும் ஒப்பந்தக்காரர். தொடக்கத்திலேயே அவருடைய ஆடிட்டர் சொல்லி அனுப்பியிருந்தார்: "அவங்க கேன்டீன்ல சாப்பிடாதீங்க. பிறந்தநாள் கார்டுல கையெழுத்துப் போடாதீங்க. பார்ட்டி கீர்ட்டின்னு போயிடாதீங்க. அவங்கள்ல நீங்களும் ஒருத்தர்னு வரிக்காரன் முடிவு பண்ணிட்டான்னா ஊழியருக்கான வரி முழுசையும் கட்டச் சொல்வான், தொலைஞ்சீங்க."

ஆல்வின் தள்ளி நின்றார். நின்று நின்று அதுவே அவர் குணம் என்று மற்றவர்கள் நினைத்துக்கொண்டார்கள். சில நாட்களில் அவரும் அப்படித்தான் நினைத்தார்.

யாருக்குப் பிறந்தநாளோ அவர்தான் அங்கே கேக் வாங்கி வரவேண்டும். பக்கத்து மேசை டூகி ஒவ்வொரு முறையும் தட்டை நீட்டுவான். "எடுத்துக்க தலைவா. வரி ஆபீஸ்காரன் கண்ணைத் துணிபோட்டுக் கட்டிட்டேன்." ஆல்வின் சிரித்துக் கையசைத்துவிடுவார். பிரிவின் தலைவி பெர்னி மட்டும் கேட்பதில்லை. தன் பிறந்தநாளில் எலுமிச்சைக் கேக்கில் ஒரு துண்டைக் காகிதத்தில் சுற்றி, அவர் விசைப்பலகைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போய்விடுவாள். அதை அவர் வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சாப்பிடுவார்.

பிறகு சட்டம் மாறியது. தான் ஊழியரா ஒப்பந்தக்காரரா என்பதை அதுவரை ஆல்வினே சொல்லிக்கொள்ளலாம். ஏப்ரலிலிருந்து அதை நிறுவனம் சொல்லவேண்டும்; தப்பாகச் சொன்னால் வரி நிறுவனத்தின் தலையில் விழும். ஊழியர் மாதிரிதான் என்று சொல்லிவிட்டால் ஊழியருக்கு உண்டான வரியெல்லாம் பிடிப்பார்கள், ஊழியருக்கு உண்டான விடுப்பும் ஓய்வூதியமும் கிடையாது. அதைவிட வம்பு வேண்டாமென்று அனுப்பிவிடுவதுதான் பல இடங்களில் நடந்தது. ஆல்வினுக்குப் போக வேறு இடமில்லை. அவர் அறிந்த நிரல்கள் அந்த ஒரு கட்டடத்தில்தான் இன்னும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தன.

இதை விசாரிக்க லண்டன் தலைமையகத்திலிருந்து ஓர் அம்மாள் வந்த அன்று பெர்னியின் பிறந்தநாள். காலையில் பெர்னி கார் நிறுத்துமிடத்துக்கே வந்து, கதவைத் திறந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். கண்ணாடியில் தூறல்.

"என்ன கண்ணு சொல்லட்டும் அந்தப் பொம்பளகிட்ட?"

"உள்ளதச் சொல்லுங்க. வேலை கொடுக்கறீங்க, முடிச்சுத் தரேன். அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா?" அவள் வெளியே பார்த்தாள். "எம் புருஷன் டெரி செத்தப்ப ஆபீஸே துக்கக் கார்டுல கையெழுத்துப் போட்டுச்சு. அதுல உன் பேர் மட்டும் இல்ல. ஆனா சுடுகாட்டுப் பிரார்த்தனை ஹால்ல கடைசி பெஞ்சுல நீ உக்காந்திருந்த. நான் பாத்தேன்."

ஆல்வின் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தார். வண்டி ஓடவில்லை.

"அதச் சொல்லிடாதீங்க பெர்னி."

பிறகு அவள், "சரி" என்று இறங்கிக் கதவைச் சாத்தினாள். மெதுவாகத்தான் சாத்தினாள்.

கண்ணாடி அறையில் ஆல்வினையும் உட்காரவைத்துக்கொண்டு, லண்டன் அம்மாள் மேல்கோட்டைக்கூடக் கழற்றாமல் பெர்னியிடம் கேட்டாள். ஆல்வின் தனக்குப் பதில் வேறு ஆளை அனுப்பலாமா? அனுப்பலாம். எப்படி வேலை செய்யவேண்டும் என்று யாராவது சொல்கிறார்களா? அதைச் சொல்ல இங்கே யாருக்குத் தெரியும்?

"உங்க ஆளுங்களோட பழகுவாரா? ஒருத்தர் வீட்டு நல்லது கெட்டதுக்கு ஒருத்தர் போறது, அந்த மாதிரி?"

பெர்னி மேசையைப் பார்த்தாள். ஆல்வினைப் பார்க்கவில்லை.

"இல்ல. அவரு யாரோ. வருவாரு, வேலையப் பாப்பாரு, போயிடுவாரு."

"உறுதியாச் சொல்றீங்களா?"

"நாளைக்கு வரலன்னா வேற ஆளப் பாத்துக்குவோம்."

அந்த அம்மாள் தலையசைத்தாள். ஆல்வின் ஒப்பந்தக்காரர்தான், எதுவும் மாறாது. ஆல்வின் நன்றி சொன்னார். தன் குரல் சாதாரணமாக இருந்ததைக் கவனித்தார். நிம்மதியாக இருக்கவேண்டும் என்று தெரிந்தது. பல் பிடுங்கப் போட்ட ஊசிக்குப் பிறகு மரத்துப்போன கன்னத்தைத் தொட்டுப் பார்ப்பதுபோல் அந்த நிம்மதியைத் தேடிப் பார்த்தார். விரல்தான் தட்டுப்பட்டது, கன்னம் தெரியவில்லை.

மூன்று மணிக்குப் பெர்னி கேக்கை வெட்டினாள். கண்ணாடி அறையில் லண்டன் அம்மாள் இன்னும் மடிக்கணினியில் தட்டிக்கொண்டிருந்தாள். டூகி வழக்கம்போல் தட்டைத் தூக்கிக்கொண்டு ஆல்வின் மேசைக்குத் திரும்பினான்.

"விடு டூகி," என்றாள் பெர்னி. அந்த அறைக்கும் கேட்கும்படி சொன்னாள். "அவரு நம்ம ஆளு இல்ல."

டூகி சிரிக்க வாயெடுத்தான். அவள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிக்காமல் திரும்பினான்.

ஆல்வின் திரையைப் பார்த்தார். காலையில் நிரலின் எந்த வரியில் விட்டார் என்பது நினைவில்லை. மேலிருந்து படிக்கத் தொடங்கினார். லண்டன் அம்மாள் கிளம்பிப் போனாள். ஒவ்வொருவராக எல்லோரும் கிளம்பினார்கள். பெர்னி காலித் தட்டைக் கழுவி அலமாரியில் வைத்துவிட்டு, கோட்டை மாட்டிக்கொண்டு போனாள்.

ஆல்வின் கடைசியாக எழுந்து விசைப்பலகையின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். ஒன்றும் இல்லை. சரியாகத்தான் செய்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டார். விளக்கை அணைத்தார்.