சத்தம் குறைந்த வண்டி

செழியன் தன் செகண்ட் ஹேண்ட் க்ரூஸர் பைக்கில் புதுக் குழாய் மாட்டிக்கொண்டு வந்த அன்றைக்கு, மலர்க்கொடி மகனை வாசலில் வைத்தே திட்டித் தீர்த்தாள். பின்னே? நல்லா இருந்த சைலன்சரைக் கழற்றிவிட்டு, மன்னார்குடி ஹபீப் முகம்மது பட்டறையில் கறுப்பு பெயின்ட் அடித்த நீளக் குழாய் ரெண்டு, நுனியில் பளபளவென்று பூண் வேறு. வண்டி வாய்க்கால் மதகில் ஏறினால் வீட்டில் சட்டி பானையெல்லாம் அதிரும்.

அந்தச் சத்தம் பிடித்துப்போனது அவள் புருஷன் மருதையனுக்கு மட்டும்தான். இருபது வருஷம் கதிரடிக்கிற மெஷின் பக்கத்தில் நின்று காது பாதி போன மனுஷன். பஸ் ஹாரனே சரியாகக் கேட்காது. மகன் வண்டி மட்டும் மதகுக்கு அந்தப் பக்கம் வரும்போதே கேட்டுவிடும். தம்பி வரான் என்று தலையைத் தூக்குவார். அதில் அவருக்கு அப்படி ஒரு பெருமை.

தை மாசம் குத்தாலத்தில் பெண் அமைந்தது. பெண்ணின் மாமா வண்டியைப் பார்த்துவிட்டு, பையன் ரௌடி மாதிரி இருக்கான் என்று யாரிடமோ சொல்லியிருக்கிறார். போதாதா? பழைய சைலன்சரையே மாட்டச் சொல்லி மலர்க்கொடி ஒற்றைக்காலில் நின்றாள்.

"அப்பாவுக்குக் கேக்காதேம்மா" என்றான் செழியன்.

"அப்பாகிட்ட நான் சொல்லிக்கிறேன், நீ போ."

காலையில் அவன் பட்டறைக்குப் போனான். அவள் பெண் வீட்டுக்காரர்களுக்கு என்ன பலகாரம் செய்வது என்ற யோசனையில் இருந்தாள். சொல்ல மறந்தே போனாள்.

களம் ஈரமாய்க் கிடந்ததால், ஊரில் எல்லோரையும் போல மருதையனும் தார் ரோட்டில் பாதிக்கு நெல்லைக் காயப்போட்டு, காலால் துழாவிவிட்டுக்கொண்டிருந்தார். மகன் வண்டிச் சத்தம் கேட்டால் ஒதுங்கிக்கொள்வது வழக்கம். அன்றைக்கு வண்டி சத்தமில்லாமல் வந்தது. ஹாரன் அடித்தான் என்றுதான் பார்த்தவர்கள் சொன்னார்கள். மருதையன் துழாவியபடியே நடு ரோட்டுக்கு வந்துவிட்டார். அப்பன் மேல் மோதாமல் செழியன் வண்டியை ஒடித்தான். சக்கரம் நெல்லில் வழுக்கியது. மதகுச் சுவரில் அவன் தலை மோதி, அங்கேயே உயிர் போய்விட்டது.

பதினாறு முடிந்தும் மருதையனுக்குச் சோறு இறங்கவில்லை. வருகிறவர்களிடமெல்லாம் ஒரே புலம்பல். எது கேட்காவிட்டாலும் புள்ள வண்டி கேக்குமே, அன்னைக்குன்னு பாத்து இந்தப் பாழாப்போன காது அடைச்சுப்போச்சே என்பார். மலர்க்கொடி அடுப்படியை விட்டு நகரமாட்டாள். சொல்லிவிட்டு அவர் முகத்தில் எப்படி முழிப்பது? அந்தப் பயம்தான்.

ஒருநாள் அவர் கையை ஓங்கித் தன் காதிலேயே அறைந்துகொண்டார். மறுபடியும் அறைந்தார். அதற்கு மேல் அவளால் தாங்க முடியவில்லை. வண்டியோடு சாக்கில் கட்டி வந்திருந்த அந்த ரெண்டு குழாயையும் பரணிலிருந்து இறக்கி அவர் முன்னால் வைத்தாள்.

"உங்க காதுல குறை இல்லீங்க. இதக் கழட்டச் சொன்னது நான். உங்ககிட்ட சொல்றேன்னுட்டு மறந்ததும் நான்தான்."

தெருவுக்குக் கேட்காதபடி மெல்லத்தான் சொன்னாள். மருதையன் குழாயைத் தடவிப் பார்த்தார். பிறகு வலது காதை அவள் வாய்ப்பக்கம் திருப்பினார்.

"கேக்கல மலரு. சத்தமா சொல்லு."

தெருவில் பக்கத்து வீட்டு ஆனந்தவல்லியும் இன்னும் நாலு பேரும் நின்றிருந்தார்கள். மலர்க்கொடி கண்ணை மூடிக்கொண்டு, ஊருக்கே கேட்கிற மாதிரி முதலிலிருந்து சொன்னாள்.