விளிம்பில் வைத்த புள்ளிகள்

என் கணவர் டெரிக்குக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்றுதான். தக்காளிக் கூடையில் பழம் எது, காய் எது என்று அமுக்கிப் பார்த்துத்தான் எடுப்பார். கல்யாணப் பேச்சு நடந்தபோது, சர்ச் வாசலில் என்னைத் தனியாக நிறுத்தி அவராகவே இதைச் சொன்னார். "மறைச்சு வெச்சுக் கட்டிக்க எனக்கு இஷ்டம் இல்ல, அன்னா" என்றார். அந்த ஒரு பேச்சுக்காகவே நான் சரி என்றேன் என்று சொன்னால் என் தங்கை இன்னமும் நம்ப மாட்டாள்.

என்னிடம் சொன்ன மனிதர் அதற்குப் பிறகு வேறு யாரிடமும் வாய் திறக்கவில்லை. மாமனார் ரயில் எஞ்சின் டிரைவராக இருந்தவர். மகனும் அதே வேலைக்குப் போவான் என்று பெங்களூர் ஆஸ்டின் டவுனில் எங்கள் தெரு முழுக்கப் பேச்சு. ரயில்வே ஆஸ்பத்திரியில் நடந்த கண் பரிசோதனையில் இவரைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். 'பையனுக்கு ரயில் பிடிக்கவில்லை' என்று வீட்டில் சொல்லிச் சமாளித்தார்கள். இவர் பீன்யாவில் ஒரு கம்பெனியின் கணக்குப் பிரிவில் சேர்ந்தார். பிறகு ஒரு கேமரா வாங்கினார். கருப்பு வெள்ளையில் மட்டும் படம் எடுத்தார்.

அந்தப் படங்களைப் பற்றி நான் சொன்னால் மனைவி பேச்சு என்பார்கள், இருந்தாலும் சொல்கிறேன். மழை விட்ட மைதானம், வெயிலில் வெடித்த ஏரி, மொட்டைப் பாறை, எதை எடுத்தாலும் அதைத் தொட்டுப் பார்க்கலாம் போல இருக்கும். நமக்கெல்லாம் கலர்தான் முதலில் கண்ணில் படுகிறது, மற்றதைப் பார்ப்பதற்குள் அலுத்துவிடுகிறது. இவர் கண் நேராக மேட்டுக்கும் பள்ளத்துக்கும் போய்விடும். புகைப்படக் குழுவின் தலைவர் வெங்கடராமன் சார், வங்கியில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர், யாரையும் லேசில் பாராட்டாதவர். அவரே, "கருப்பு வெள்ளைதான் டெரிக்கோட ஸ்டைல்" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் பெருமையடிப்பார். இவர் சிரித்துக்கொண்டு சும்மா இருப்பார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

இந்த வருஷம் மழை முடிந்ததும் கண்டிகோட்டா போவது என்று குழுவில் முடிவானது. நம் நந்தி மலைப் பக்கம் பிறக்கிற வட பெண்ணையாறு ஆந்திராவுக்குள் போய், முள்ளும் கல்லுமாகப் பாலைவனம் போலக் காய்ந்து கிடக்கிற சீமையில் பாறையைப் பிளந்துகொண்டு ஓடுகிற இடம் அது. இங்கே கால் நனையாமல் தாண்டிப் போகக்கூடிய ஆறு, அங்கே அவ்வளவு பெரிய மலையை அறுத்திருக்கிறது. படத்தில் பார்த்தபோதே எனக்கு மூச்சு நின்றது.

அன்றிலிருந்து எங்கள் சாப்பாட்டு மேஜை எனக்கில்லை. சூரியன் எந்தத் திசையில் எழும்பும், நிலா எப்போது மறையும், கீழே அணையில் தண்ணீர் தேங்கினால் பள்ளத்தாக்குக்குள் ஆறு எவ்வளவு அகலமாகத் தெரியும் என்று இவர் ஒவ்வொன்றாகத் தேடிக்கொண்டிருந்தார். நான் நாலாம் வகுப்பு டீச்சர். திருத்த வேண்டிய பரீட்சைத் தாள் கட்டுகளை எடுத்து, இரண்டு வரிசையாக அடுக்கி, அதையே பள்ளத்தாக்காக்கிவிட்டார். டார்ச்தான் சூரியன். மேஜை ஓரத்திலிருந்து அதை மெல்ல மெல்ல உயர்த்துவார்.

"ஏங்க, பிள்ளைங்க பேப்பர்ங்க அது."

"ஒரு நிமிஷம் இங்க பாரேன். வெளிச்சம் முதல்ல எதிர்ச் சுவரோட தலையில விழுது. அப்புறம் படி இறங்கற மாதிரி ஒவ்வொரு அடுக்கா கீழ வருது. ஆத்துக்கு வந்து சேரும்போது மேல இருக்கிற நிழலெல்லாம் போயிடும். அதுக்கு நடுவுல கொஞ்ச நேரம்தான். அதுக்குத்தான் போறேன்."

நான் திட்ட வந்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். இந்த மனிதர் அங்கே போனதே இல்லை. பரீட்சைத் தாளில் விடியலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கிளம்புவதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் பூசை முடிந்து நாங்கள் வந்த கொஞ்ச நேரத்தில், இவரோடு போகவிருந்த இரண்டு பேர், வெங்கடராமன் சாரும் நாகேஷும், வீட்டுக்கு வந்தார்கள். நாகேஷ் மல்லேஸ்வரத்துக்காரன், சாஃப்ட்வேர் வேலை. வீட்டில் கன்னடம், எங்களோடு தமிழ். சார் போன மாதமே தனியாகப் போய் இடத்தைப் பார்த்து வந்திருந்தார். பள்ளத்தாக்கின் விளிம்பை மேலிருந்து காட்டுகிற பெரிய படம் ஒன்றை அச்சடித்துக் கொண்டுவந்து மேஜையில் விரித்தார். விளிம்பு நெடுகப் புள்ளிகள்.

"பாறையெல்லாம் பலகை பலகையா வெடிச்சு நிக்குது. சிலது கால வெச்சா ஆடுது. கீழ பாத்தா அதல பாதாளம். அதனால ஒவ்வொரு கல்லா மிதிச்சுப் பாத்துக் குறிச்சிருக்கேன். பச்சைப் புள்ளி கெட்டியான கல்லு, தைரியமா நிக்கலாம். சிவப்புப் புள்ளிப் பக்கம் போகவே கூடாது. எல்லார் போன்லயும் இதே படம் இருக்கும். ஒருத்தர் டார்ச் வெளிச்சம் இன்னொருத்தர் படத்துல விழக்கூடாது. அதனால விடியறதுக்கு முன்னாடி அவங்கவங்க தனியா நடந்து போய் நின்னுக்கணும். டெரிக், கடைசி முனை உனக்கு. நீ சொன்ன அந்த வெளிச்சம் அங்கேருந்துதான் கிடைக்கும். புள்ளியெல்லாம் புரியுதா?"

டெரிக் குனிந்து பார்த்தார். அவருக்கு அங்கே தெரிந்தது ஒரே மாதிரியான மங்கல் புள்ளிகள் என்பது அந்த அறையில் என் ஒருத்திக்குத்தான் தெரியும்.

"சரி சார்" என்றார்.

எனக்கு ரத்தம் கொதித்தது. பாதாளத்தின் ஓரத்தில், இருட்டில், தனியாக, எந்தக் கல் ஆடும் என்று தெரியாமல் போய் நிற்கப் போகிறார். அதற்கு ஒரு 'சரி சார்'. மேஜைக்கு அடியில் அவர் காலை மிதித்தேன். அவர் முகம் திரும்பவில்லை. அந்த முகத்தைப் பார்த்ததும் காரணம் புரிந்தது. சொன்னால் மறுபடியும் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று பயந்தார். போட்டுடைக்க எனக்கு ஒரு நொடி போதும். ஆனால் அது அவருடைய விஷயம், நான் எடுத்து வெளியே போடக்கூடாது.

அதனால் பழியை என் தலையில் போட்டுக்கொண்டேன்.

"சார், இதுல எது பச்சை எது சிவப்புன்னு எனக்கு ஒண்ணும் புரியலயே. புள்ளிக்குப் பதிலா, போகக்கூடாத இடத்துல பெருக்கல் குறி போட்டுடுங்களேன்."

வெங்கடராமன் சார் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க வரவே இல்லையேம்மா. உங்களுக்கு எதுக்கு?"

"வீட்ல இருந்தாலும் இவர் எங்க நிக்கறார்னு எனக்குத் தெரிய வேணாமா?"

நாகேஷுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அக்கா, பச்சை சிவப்பு தெரியாதா? ஐயோ தேவரே, சிக்னல்ல ஸ்கூட்டர் எப்படி ஓட்டறீங்க? ஸ்கூல்ல பிள்ளைங்களுக்குக் கலர் எல்லாம் நீங்கதானே சொல்லிக் குடுக்கறீங்க?"

"வயசாகுதுப்பா" என்றேன். சாரும் சிரித்துவிட்டார். சிரித்துவிட்டுப் போகட்டும், குறியை மாற்றினால் போதும் என்று நானும் அசடு வழிந்தேன்.

டெரிக் மட்டும் சிரிக்கவில்லை. படத்திலிருந்து கையை எடுத்தார்.

"அவளுக்கு நல்லாத் தெரியும், நாகேஷ். எனக்குத்தான் தெரியாது" என்றார். "பொறந்ததுலேருந்தே. சிவப்பும் பச்சையும் எனக்கு ஒண்ணுதான். சார் சொல்ற ஸ்டைல் எல்லாம் அதனால வந்ததுதான்."

நாகேஷ் தலையைக் குனிந்துகொண்டு, "சாரி அண்ணா" என்றான். எனக்கோ பயமும் பெருமையும் ஒன்றாக வந்தன. இத்தனை வருஷம் தனக்காகத் திறக்காத வாயை, என்னைப் பார்த்து இரண்டு பேர் சிரித்ததற்காகத் திறந்திருக்கிறார்.

வெங்கடராமன் சார் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, சிவப்புப் புள்ளிகள் மேலெல்லாம் பெருக்கல் குறி போட ஆரம்பித்தார். நிதானமாக, ஒன்றைக்கூட விடாமல் போட்டார்.

நாகேஷ்தான் தயங்கித் தயங்கிப் பேச்செடுத்தான். "சார், அண்ணா தனியாப் போக வேணாம். கடைசி முனையை நான் எடுத்துக்கறேன். அண்ணா நம்ம பின்னாடியே வரட்டும், ஸ்வல்பா... கொஞ்சம் சேஃபா இருக்கும்." அவன் நல்லெண்ணத்தில்தான் சொன்னான். ஆனால் டெரிக்கின் தோள் இறங்கியதை நான் பார்த்தேன். ரயில்வே ஆஸ்பத்திரியிலிருந்து வெளியே வந்த பையன் இப்படித்தான் நடந்து வந்திருப்பான்.

சார் பேனாவை மூடினார்.

"நாம கல்லு மேல நடக்கப் போறது விடியறதுக்கு முன்னாடி, இல்லையா? அந்த இருட்டுல உனக்கு என்ன கலர் தெரியும் நாகேஷ்? எனக்கு என்ன தெரியும்? மேடு, பள்ளம், வெடிப்பு, அதத்தான் பாக்கணும். நம்ம மூணு பேர்ல அத ஒழுங்காப் பாக்கத் தெரிஞ்ச ஆளு இவன் ஒருத்தன்தான். தனித்தனியா எல்லாம் போக வேணாம். டெரிக் முன்னால நடக்கட்டும். நாம இவன் பின்னாடி போவோம்."

டெரிக் படத்தைத் தன் பக்கம் இழுத்து, ஆற்றின் வளைவை விரலால் தடவினார்.

"டீ போடறேன்" என்று நான் எழுந்து உள்ளே போய்விட்டேன். எல்லாரும் ஏற்கெனவே டீ குடித்தாகிவிட்டது என்பது அடுப்பைப் பற்றவைத்த பிறகுதான் நினைவுக்கு வந்தது.