விடுபட்ட கட்டம்

டிபன் டப்பாவைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு ஈரக் கையோடு நாற்காலியில் வந்து உட்கார்ந்தார் பெஞ்ச் கிளார்க். நீதிமன்றத்தில் அவருக்கு 'அப்பீல் அண்ணன்' என்று பட்டப்பெயர். யார் எதைக் கேட்டு வந்தாலும், "அப்பீல்ல இருக்கு, இங்க ஒண்ணும் பண்ண முடியாது" என்று ஒரே போடாகப் போட்டு அனுப்பிவிடுவார். பாதி நேரம் அது உண்மைதான். மீதிப் பாதிதான் வினை.

அன்று ஜன்னலுக்கு வெளியே ஒரு பெண் நின்றாள். சலவைக்கடையில் இஸ்திரி போடுகிறவள். அவளுடைய தம்பி ஒரு வெல்டர். கிடங்கின் ஷட்டரை அறுத்துத் திருடினான் என்று போன வாரம்தான் அவனுக்கு இரண்டு வருஷத் தண்டனை கொடுத்திருந்தார்கள். அப்பீல் போட்ட கையோடு இலவச வக்கீல் ஒதுங்கிக்கொண்டார்.

"சார், தீர்ப்புக்கு முன்னாடியே என் தம்பி ஏழு மாசம் உள்ள இருந்தான். அதைத் தண்டனையில கழிக்கணுமாம். ஆனா நீங்க ஜெயிலுக்கு அனுப்புன தண்டனை வாரண்ட்ல அதுக்கான கட்டம் காலியா இருக்குன்னு அங்க சொல்றாங்க."

கிளார்க் அந்த வாரண்டின் அலுவலக நகலைப் புரட்டினார். 'விசாரணையின்போது சிறையில் இருந்த நாட்கள்' என்ற கட்டம் வெறிச்சென்று கிடந்தது. மற்றக் கட்டங்களில் எல்லாம் அவருடைய கையெழுத்து. சாப்பிட்டுவிட்டு எழுதிக்கொள்ளலாம் என்று அன்றைக்கு மூடி வைத்தவர், எழுதாமலே அனுப்பிவிட்டிருக்கிறார்!

ஒரு திருத்தக் குறிப்பு எழுதி நீதிபதியிடம் நீட்டினால் ஐந்து நிமிஷ வேலை. ஆனால் விட்டது யார் என்று கேட்பாரே? பதவி உயர்வுப் பட்டியல் வேறு வரப்போகிறது.

"அப்பீல் நிலுவையில இருக்கும்மா. இந்தக் கோர்ட்டுக்கு இனிமே அதிகாரம் இல்ல," என்றார் வாய் கூசாமல்.

"மேல்கோர்ட்டுலயும் கேட்டேன் சார். கீழ விட்டதைக் கீழயே எழுதச் சொல்லுன்னுட்டாங்க."

"அவங்களுக்கென்ன, சொல்லிட்டுப் போயிடுவாங்க."

அவள் நகரவில்லை. "எனக்கு வயித்துல கட்டி சார். ஒன்றரை வருஷம் தாங்கும்னு டாக்டர் சொல்லியிருக்காரு. ஏழு மாசத்தைக் கழிச்சா பதினேழாவது மாசம் தம்பி வந்துடுவான். ஒரு மாசம் கையில இருக்கு. அவனுக்கு ஒரு வாய் சோறு போட்டுட்டுப் போயிடுவேன்."

சொல்லிவிட்டுச் சிரிக்க வேறு செய்தாள். கிளார்க் பேனாவைத் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டார். பாவி மனுஷன்!

நாலு மாதம் கழித்து, முடி கொட்டிய தலையில் துணி சுற்றிக்கொண்டு வந்தாள். அதே பதில்தான் கிடைத்தது. அதற்கப்புறம் ஒருமுறை சுவரைப் பிடித்துப் பிடித்து வந்து ஒரு மனு கொடுத்தாள். நீதிபதி கண்ணில்கூடக் காட்டாமல், 'அப்பீல் நிலுவையில்' என்று எழுதி அதைத் திருப்பிக் கொடுத்தார் அப்பீல் அண்ணன். பிறகு அவள் வரவில்லை. பட்டியலும் வந்தது. அதில் அவர் பெயர் இல்லை.

இரண்டு வருஷம் ஓடிப்போனது. பறிமுதலான வெல்டிங் மிஷினைத் திருப்பிக் கேட்டு மனுப் போட்டிருந்தான் வெல்டர். நீதிபதி பழைய காகிதங்களைப் பார்த்தவர் நிமிர்ந்தார்.

"ஏழு மாசம் ரிமாண்ட்ல இருந்திருக்கீங்களே, அதைக் கழிச்சாங்களா?"

"இல்லீங்க ஐயா. முழுசா ரெண்டு வருஷம்."

நீதிபதி கிளார்க்கிடம் திரும்பினார். "என்னய்யா இது?"

"அப்பீல் நிலுவையில இருந்துச்சு... நமக்கு அதிகாரம் இல்லைன்னு..."

"தீர்ப்பை மாத்தத்தான்யா எனக்கு அதிகாரம் இல்ல. நீங்க எழுத மறந்ததை எழுதிக் குடுக்கவுமா இல்ல? என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

மிஷினைத் திருப்பிக் கொடுக்கும்படி நீதிபதி உத்தரவு எழுதினார்.

மிஷினைத் தூக்கிக்கொண்டு வராந்தாவில் போனவனைப் பின்னாலேயே ஓடிப் பிடித்தார். "தம்பி... அக்கா எப்படி இருக்காங்க?"

"பத்தொன்பதாவது மாசம் போயிட்டாங்க சார். டாக்டர் சொன்னதுக்கு மேலயும் ஒரு மாசம் உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டு இருந்திருக்காங்க."

கிளார்க்கின் கண் நிறைந்துவிட்டது. "என் தப்புதான் தம்பி. எனக்குத் தெரிஞ்சேதான் பண்ணினேன். மன்னிச்சிடுப்பா."

வெல்டர் மிஷினைக் கீழே வைத்தான். குரலை உயர்த்தவே இல்லை.

"என் அப்பீல் இன்னும் முடியல சார். நாளைக்கே நான் நிரபராதின்னு தீர்ப்பு வந்தாலும் வரலாம். ஆனா எங்க அக்கா வரமாட்டாங்க. உங்களால முடியாத வேலையை நீங்க செய்யலைன்னா யாரும் உங்களைக் குத்தம் சொல்லப்போறதில்ல. கையில இருக்கிற வேலையை முடியாதுன்னு சொல்லி ஒருத்தரை அலைய விடுறீங்க பாருங்க, நான் பண்ணினதா சொல்ற திருட்டைவிட அது பெரிய குத்தம் சார். அதுக்கு எந்தக் கோர்ட்டுலயும் அப்பீல் கிடையாது."