கூரைமேல் கிடந்த கயிறு

சட்டப்படி எங்கள் துப்பாக்கிமேல் ஒரு குற்றமும் இல்லை. காவல் நிலைய வாசலில் கான்ஸ்டபிள் அதன் வாய்க்குள் அளவுகோலை விட்டுப் பார்த்தார். "ஒன்றரை அங்குலம். ஒன்றே முக்கால் வரைக்கும் வச்சுக்கலாம், எடுத்துட்டுப் போங்க" என்றார். பிறகு என் கார் கூரையில் முன்னும் பின்னும் நீட்டிக்கொண்டிருந்த அந்த இரும்பை ஏற இறங்கப் பார்த்து, "வாத்துதானே சுடப்போறீங்க? கப்பல் இல்லையே?" என்றார்.

மச்சான் கிளெமன்டுக்கு முகம் சிவந்துவிட்டது. அது அவன் அப்பாவின் துப்பாக்கி. அவர் எனக்கு மாமனார். என் மனைவி ஹெட்டி கிளெமன்டின் தங்கை. மாமனார் உயிரோடிருந்தவரை என்னை அதைத் தொடவிட்டதே இல்லை. ஆட்களைச் சரியாக எடைபோடுவார்.

மறுநாள் விடிந்தும் விடியாமலும், வற்றத் தொடங்கிய நீரோடு பிளாக்வாட்டர் கழிமுகத்தில் இறங்கினோம். தட்டைப் படகு, சவப்பெட்டியைவிடக் கொஞ்சம் நீளம். முன்னால் துப்பாக்கி, அதன் கட்டையை ஒட்டித் தலை வைத்துக் குப்புறக் கிடப்பவன் நான். எனக்குப் பின்னால் கிளெமன்ட், கையை வெளியே தொங்கவிட்டுச் சத்தமில்லாமல் துடுப்புப் போட்டான். இத்தனை பாடும் ஒரே ஒரு வெடிக்கு. அதே வாத்தைச் சாதாரணத் துப்பாக்கியோடு கரையில் நின்று, சாண்ட்விச் தின்றுகொண்டே சுடலாம். மதுக்கடையில் இதைச் சொல்லாத ஆள் கிடையாது.

சேற்றுத் திட்டின் ஓரத்தில் நாமத்தலை வாத்துகள் கறுப்பாகப் படர்ந்திருந்தன.

"இப்போ, மாப்ள" என்று கிசுகிசுத்தான். விசைக்கயிற்றை இழுத்தேன்.

டக்.

அவ்வளவுதான். பொட்டு மட்டும் வெடித்தது, குழாய்க்குள் இருந்த வெடிமருந்து பிடிக்கவில்லை. வாத்துகள் சீழ்க்கையடித்துக்கொண்டே எழுந்து போயின.

"அசையாத! உள்ள நெருப்பு கனிஞ்சுக்கிட்டு இருக்கலாம். எப்ப வேணா வெடிக்கும்."

"எவ்வளவு நேரம் மச்சான்?"

"அப்பா அரை மணி நேரம் படுத்துக் கெடப்பாரு."

படுத்துக் கிடந்தேன். வேறு வேலை இல்லாததால் கண் முன்னால் இருந்ததைப் பார்த்தேன். மூக்கிலிருந்து ஒரு சாண் தள்ளித் துப்பாக்கியின் பின்கட்டை. அதன் கீழே இரும்பு வளையம். வளையம் காலி.

வெடிக்கும்போது அந்த இரும்பு பின்னால் பாயும். அதைப் பிடித்து நிறுத்துவது, படகின் முன்மூக்கிலிருந்து அந்த வளையத்துக்கு வரும் தடித்த கயிறு ஒன்றுதான். கயிறு இல்லாவிட்டால் பிடித்து நிறுத்தவேண்டியது என் முகம்.

"மச்சான், கயித்தக் கட்டினியா?"

"நான் எங்கடா கட்டினேன்? நீதானே..."

இருவருக்கும் ஒரே நேரத்தில் கண்ணில் தெரிந்தது: அளந்து காட்டக் கொண்டுபோனபோது துப்பாக்கியைக் கார் கூரையோடு வரிந்து கட்டிய அதே கயிறு, இன்னும் கூரைமேலேயே கிடந்தது. அரையிருட்டில், தண்ணீர் வற்றுகிற அவசரத்தில் துப்பாக்கியை மட்டும் படகில் தூக்கி வைத்தோம். அவன் கட்டியிருப்பான் என்று நான். நான் கட்டியிருப்பேன் என்று அவன். சட்டம் குழாயின் வாயைத்தான் அளக்கிறது.

நகர்ந்து படுக்க இடமில்லை. புரண்டால் படகு கவிழும். மிச்சமிருந்த ஒரே கயிறு, படகைக் கரையில் கட்டுவது, படகின் மூக்கில், துப்பாக்கி வாய்க்கு நேர் எதிரே இருந்தது. காற்று வேறு எழுந்துவிட்டது. வற்றும் நீர் எங்களைக் கடல் பக்கம் இழுத்தது. அலை முன்தளத்தில் ஏறி என் கழுத்துக்குள் இறங்கியது. திரும்பித் துடுப்புப் போட வேண்டுமானால் எழுந்து உட்கார வேண்டும்; படகு ஆடும்; துப்பாக்கி குலுங்கும். எனக்குப் பற்கள் தந்தியடித்தன. அந்த அதிர்வில்கூட வெடித்துவிடுமோ என்று வாயை இறுக்கிக்கொண்டேன்.

பின்னாலிருந்து கிளெமன்ட் சொன்னான்: "தள்ளிவிடு."

"எதை?"

"துப்பாக்கியத்தான்டா. தண்ணிக்குள்ள."

"உங்க அப்பாவோடது, மச்சான்..."

"அப்பா செத்து நாலு வருஷம் ஆச்சு. ஹெட்டிகிட்டப் போயி உன்னப் பத்தி நான் என்னத்தச் சொல்லுவேன்? தள்ளுடா முட்டாள்!"

அவன் குரல் உடைந்திருந்தது. குளிரினால் என்று வைத்துக்கொண்டேன்.

தள்ள வேண்டுமானால் கட்டைக்கு நேர் பின்னால் தோளைக் கொடுக்க வேண்டும். எந்த இடத்தில் இருக்கக்கூடாதோ, அதே இடத்தில். நான் வீரன் இல்லை. பல் டாக்டரிடம்கூட ஹெட்டி கையைப் பிடித்துக்கொண்டு போகிறவன். கண்ணை மூடிக்கொண்டு கட்டையைத் தூக்கி முட்டினேன். கன்னத்தில் இரும்பு பனிக்கட்டி மாதிரி ஒட்டியது. நகரவில்லை. உள்ளே ஏதோ 'ஸ்' என்றது போலிருந்தது. "அம்மா" என்று கத்திக்கொண்டு மறுபடி முட்டினேன். கயிறு இல்லாததால்தான் நகர்ந்தது. முன்பக்கம் தாழ்ந்து, நிதானமாக, குளிக்க இறங்குகிற பெரியவர்போல நீருக்குள் போயிற்று.

அந்த 'ஸ்' என் மூச்சுதான்.

மறுநாள் நீர் வற்றியதும் போனோம். துப்பாக்கி, வாய் சேற்றில் புதைய, கட்டை வானத்தைப் பார்க்க நின்றுகொண்டிருந்தது. கிளெமன்ட் முழங்கால் சேற்றில் நடந்துபோய், முதல் வேலையாகக் கயிற்றை வளையத்தில் கோத்து முடிச்சுப்போட்டான். ஒன்றல்ல, மூன்று முடிச்சு.

"இப்போ கட்டி என்ன பிரயோசனம் மச்சான்?"

"வாய மூடிக்கிட்டு இழு."

வீட்டுக்குக் கொண்டுவந்து, குழாய்க்குள் மருந்தை இறுக்கி அடைத்திருந்த தக்கையைத் தோண்டி எடுத்தான். பொட்டு வைக்கும் துவாரத்தில் நமுத்துப்போன மருந்து கருகி அடைத்திருந்தது. அதற்குப் பின்னால் இருந்த மருந்தைக் கவிழ்த்தபோது அது பொலபொலவென்று உதிர்ந்தது. ஓர் இரவு முழுக்கக் கடலில் கிடந்தும் நனையவில்லை.

கிளெமன்ட் அதை விரலில் தேய்த்துப் பார்த்தான். என்னைப் பார்க்கவில்லை. அன்று துப்பாக்கியைக் கொட்டகை உத்தரத்தில் ஏற்றி, அதே கயிற்றால் கட்டினோம். இறங்குவதற்கு முன், இருவருமே தனித்தனியாக முடிச்சை இழுத்துப் பார்த்தோம்.